வாடகை வீட்டுக்கு மதிப்பெண் இடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

வாடகைக்கு விடும் வீட்டின் நிலையைச் சாவி கைமாறும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். எழுதுவது சரி, அதற்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று கேட்டு, குமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்தும் மலையோர ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. கட்டடப் பொறியாளராக வீடுகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவதே என் அன்றாட வேலை என்பதால், நான் கையாளும் முறையையே பதில்களில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: குளச்சலில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன்பு அதை வாடகைக்கு விட்டபோது, ஒவ்வோர் அறைக்கும் 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதி, குடிவந்தவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். வரவேற்பறைக்கு அன்று 8. அவர் காலி செய்யும் இன்று 5. ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, சுவரில் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. அட்வான்ஸில் 30,000 ரூபாய் பிடித்துக்கொள்வேன் என்றேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு அவர்தானே பொறுப்பு?
– வீட்டு உரிமையாளர், குளச்சல்

பதில்: மதிப்பெண் குறைந்திருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால், குறைந்ததற்கு அவர்தான் காரணம் என்பதை உங்கள் தாளை வைத்து நிறுவ முடியாது. வரவேற்பறை என்றால் அதில் தரை, சுவர்கள், கூரை, கதவு, ஜன்னல், ஸ்விட்சுகள், மின்விசிறி என்று குறைந்தது பத்துப் பொருள்களாவது இருக்கும். 8-லிருந்து கழிந்த 3-இல் ஜன்னலுக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு என்று இன்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல இயலாது. பத்துப் படிகள் வைத்திருப்பதும் சிக்கல்தான். 7-க்கும் 8-க்கும் என்ன வேறுபாடு என்று எழுதி வைக்காதபோது, அந்த எண் வீட்டின் நிலையைக் காட்டுவதைவிட, எழுதியவர் அன்று எந்த மனநிலையில் இருந்தார் என்பதையே அதிகம் காட்டும்.

நான் நான்கே படிகளைத்தான் வைத்துக்கொள்கிறேன். எந்தக் குறையும் கண்ணில் படாவிட்டால் 4. புழங்கிய தடம் தெரிகிறது, ஆனால் பழுதுபார்க்கும் வேலை ஏதும் இல்லை என்றால் 3. பயன்படுத்தலாம், இருந்தாலும் ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்றால் 2. பயன்படவில்லை அல்லது மாற்றியே ஆக வேண்டும் என்றால் 1. ஐந்து படிகள் வைத்த நாள்களில், என்னுடன் வந்த இளம் பொறியாளர்கள் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நடுவில் இருக்கும் 3-ஐ எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். நான்கு படிகளில் நடு என்று ஒன்று கிடையாது. ‘இதற்கு ஆள் வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்விக்கு விடை சொன்ன பிறகுதான் 3-ஐயோ 2-ஐயோ எழுத முடியும். எண்ணுக்குப் பக்கத்தில், அந்த எண்ணைத் தந்ததற்கான காரணம் ஒரு வரியில் இருக்க வேண்டும். ‘ஜன்னல் 3’ என்பதோடு நிறுத்தாமல், ‘தெற்கு ஜன்னல், இடமிருந்து இரண்டாவது கம்பியின் அடியில் கட்டைவிரல் நகமளவு துரு, 3’ என்று எழுதினால், மூன்று ஆண்டுகள் கழித்து அந்தத் தாளைப் படிப்பவருக்கு அதே இடத்தைத் தேடிப் பார்க்க வழி இருக்கும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை விரைவாக்குகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும், ஆளே குடியில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கும். சொல்லப்போனால், துடைக்க ஆளில்லாத காரணத்தால் அது இன்னும் வேகமாகவே துருப்பிடிக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் சுவர் பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்திருந்தால், அது அடித்தளத்திலிருந்து ஏறிய ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம். குடியிருந்தவர் கையால் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. மதிப்பெண் ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதைத் தனியே ஆராய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலானவை எழுகின்றன என்பது என் அனுபவம்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 22-02-2019 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை தொடங்கிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே வைத்திருக்கும் கடமையை இரு தரப்புக்கும் சேர்த்தே விதிக்கிறது. இயல்பான தேய்மானத்தை அந்தக் கடமையிலிருந்து விலக்கியிருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, கட்டமைப்புப் பழுதுகள், வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கத்தில் இருக்கின்றன. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை ‘பெயின்டிங்’ என்று பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத வழக்கத்தைச் சட்டத்துக்கு மேலே வைக்க முடியாது.

ஆகவே அந்த 30,000 ரூபாயை ஒரே தொகையாகப் பிடிக்காதீர்கள். உடைந்த கண்ணாடி, காணாமற்போன தாழ்ப்பாள், அடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்ததால் வெடித்த டைல்ஸ் என்று ஏதேனும் இருந்தால், அவற்றைத் தனித்தனியே எழுதி, சரிசெய்யும் செலவைக் காட்டுங்கள். பாதி ஆயுள் முடிந்துபோன பொருளுக்குப் புதிய பொருளின் முழு விலையைக் கேட்பதும் நியாயமாகாது. மீதித் தொகையை, வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

கேள்வி: நாங்கள் குடிவரும் முன்பு ஆள் வைத்து வீட்டைப் பார்வையிட்டு, 100-க்கு 86 என்று அறிக்கை தந்தார்கள். நல்ல வீடு என்று நம்பி வந்தோம். மூன்றாம் மாதம், படுக்கையறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. மகள் அப்போது பள்ளிக்குப் போயிருந்தாள். 86 வாங்கிய வீட்டில் இப்படி நடக்குமா?
– வாசகி, தக்கலை

பதில்: நடக்கும் அம்மா. நான் மதிப்பெண் போட்ட ஒரு வீட்டிலேயே நடந்திருக்கிறது. பணியின் தொடக்க ஆண்டுகளில், கடலுக்கு அருகில் இருந்த ஒரு வீட்டுக்கு 82 தந்தேன். தரை, கதவு, குளியலறை, சமையல் மேடை எல்லாம் முதல்தரமாக இருந்தன. பின்பக்கச் சன்ஷேடின் அடியில் கம்பி வெளியே தெரிந்ததைக் கண்டு, அதற்கு மட்டும் குறைத்து எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது அந்த ஒரு குறை மற்ற நிறைகளுக்குள் கரைந்துபோயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சன்ஷேட் ஒடிந்து, துணி துவைக்கும் கல்லின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் நின்றிருக்கவில்லை. என் அறிக்கையை வீட்டுக்காரர் என்னிடம் திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது, கம்பி தெரிகிறது என்று நான் எழுதிய வரி அதில் இருக்கவே செய்தது. ஆனால் 82 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை. அன்றிலிருந்து நான் மொத்த மதிப்பெண் போடுவதில்லை. கேட்டாலும் தருவதில்லை.

அமெரிக்காவில் அரசு உதவி பெறும் வாடகைக் குடியிருப்புகளை மத்திய வீட்டுவசதித் துறை பார்வையிட்டு 100-க்கு மதிப்பெண் தருகிறது. 60-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. அங்கே நெடுங்காலம் இருந்த முறையில், எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓர் எழுத்தும் இருக்கும். உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு எதுவும் இல்லையென்றால் ‘ஏ’, கேடு உண்டு ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் ‘பி’, உயிருக்கே ஆபத்தானது உண்டென்றால் ‘சி’. 90 வாங்கிய குடியிருப்பும் ‘சி’ என்ற எழுத்தோடு நிற்கக்கூடும். 2023-இல் நடைமுறைக்கு வந்த புதிய முறையிலும், உயிருக்கு ஆபத்தான குறைகளை மதிப்பெண் எவ்வளவு என்று பாராமல் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எண் ஒன்றைச் சொல்லட்டும், ஆபத்தை அதனோடு கூட்டிக் கழிக்காமல் தனியே சொல்ல வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நான் ‘அபாயம்’ என்பதன் முதலெழுத்தான ‘அ’வைச் சிவப்பு மையால் எழுதுகிறேன். கூரையில் காரை பெயர்தல், தொட்டால் அதிரும் ஸ்விட்ச், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பிடிமானம் ஆடும் மாடிப்படி, மூடி விரிந்த செப்டிக் டேங்க் ஆகிய எதுவாக இருந்தாலும், அதைச் சரிசெய்யும் வரைக்கும் வீட்டில் குடியேறக் கூடாது என்பதே அந்த எழுத்தின் பொருள்.

உங்கள் கூரையைப் பற்றி ஒரு செய்தி. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறினால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில்தான் கீழே உள்ள காரை வெடித்துப் பெயர்கிறது. விழுந்த இடத்தை மட்டும் சிமென்ட் வைத்து அடைத்தால் போதாது. நீளமான மூங்கில் கம்பு ஒன்றை எடுத்து, கட்டிலையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு அறையின் ஓரத்தில் நின்றபடி கூரையை முழம் முழமாகத் தட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். உறுதியான இடத்தில் கெட்டியான ஒலி வரும். உள்ளே விட்டுப்போன இடத்தில் முற்றிய தேங்காயைத் தட்டியது போலப் பொள்ளலான ஒலி கேட்கும். அந்த ஒலி மாறும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டால், விழக் காத்திருக்கும் பரப்பு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசலும், அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் இருந்தால் அதுவும் அதே கதைதான். இது கட்டமைப்புப் பழுது. செய்து தர வேண்டியவர் உரிமையாளர்.

கேள்வி: ஆணி அடித்த ஓட்டைகளைத் தேய்மானம் என்பதா, சேதம் என்பதா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: காலண்டரும் கடவுள் படமும் மாட்ட அடித்த நாலைந்து ஆணிகளைச் சேதம் என்று எழுத என் மனம் ஒப்புவதில்லை, அது குடியிருந்ததன் தடம். டிவி மாட்டுவதற்காகத் துளையிட்டு, பிடுங்கும்போது சுவரில் குழி விழுந்திருந்தால் சேதம். உங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவாய்க் காற்றில் கதவு அறைந்து அறைந்து கீல் தளர்வது ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் அன்றாடம் நடப்பது. கதவைத் தாங்கும் கொண்டி வீட்டில் இருந்ததா இல்லையா என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். இல்லாத கொண்டிக்குக் குடியிருந்தவரைப் பொறுப்பாக்க முடியாது. இருந்த கொண்டியை மாட்டாமல் விட்டதற்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கவும் முடியாது.

கேள்வி: குலசேகரம் அருகே எங்கள் அப்பா காலத்து ஓட்டு வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறோம். பார்வையிட வந்தவர், ‘பழைய வீடு’ என்று எல்லாவற்றுக்கும் குறைத்தே மதிப்பெண் போட்டார். கூரை ஒழுகவில்லை, தரை நன்றாக இருக்கிறது. இது சரியா?
– வாசகர், குலசேகரம்

பதில்: சரியில்லை. வயதுக்காக மதிப்பெண்ணைக் குறைப்பது, பார்வையிடுபவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மரக்கூரையையும் பளபளக்கும் கருந்தரையையும் பார்த்துவிட்டு வந்தவர் எவரும், பழையது என்ற ஒரே காரணத்துக்காக 2 போட மாட்டார். நேற்றுக் கட்டிய காங்கிரீட் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் தேங்கினால் அதற்கு 2. அறுபது ஆண்டுப் பழைய அயனிமரக் கதவு தடையின்றித் திறந்து மூடினால் அதற்கு 3. புதியவருக்குக் கண்ணில் படும் அழகைவிட, அந்தப் பொருள் தன் வேலையைச் செய்கிறதா என்பதைப் பார்த்தே எண்ணை எழுத வேண்டும்.

ஓட்டு வீட்டுக்குப் பட்டியலே வேறு. காங்கிரீட் வீட்டுக்கான படிவத்தில் ‘கூரை’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். உங்கள் வீட்டில் உத்திரம், கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்), பட்டியல் (ஓடு பதியும் மரச்சட்டம்), ஓடு, முகட்டோடு, தண்ணீர் வழியும் தகர ஓடை என்று ஆறு வரிகள் வேண்டும். பகலில் விளக்கை அணைத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு அறைக்குள் நின்று மேலே பாருங்கள். ஓடு விலகிய இடத்தில் ஊசி நுனியாக வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் மழையில் ஓர் ஒழுக்கு. கழுக்கோல் சுவரில் உட்காரும் முனையைச் சிறிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி முனை எதிர்ப்பில்லாமல் இறங்கினால் சிதல் (கரையான்) உள்ளே அரித்துவிட்டது என்று பொருள். சுவரில் மண்கோடாக ஏறும் சிதல் பாதையைச் சுரண்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். பாதை மறுபடி கட்டப்பட்டிருந்தால் சிதல் உயிரோடு இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்து நிழலில் நிற்கும் வீடு என்றால் வடக்குச் சுவரில் பாசி இருப்பது இயல்பு; அதை 3 என்று எழுதிவிட்டு, சுவரின் உட்புறத்தில் கை வைத்து ஈரம் தட்டுகிறதா என்று பார்த்துத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய தம்பி மாதா மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வீட்டைப் பார்க்கிறேன் என்று அலமாரி வரைக்கும் திறந்து, படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறார். சமையலறையில் பாத்திரம் கழுவாமல் கிடந்ததற்கு ‘மோசம்’ என்று எழுதினார். இதைத் தடுக்க முடியாதா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முடியும். மேலே சொன்ன சட்டப்படி, வீட்டைப் பார்வையிட வருபவர் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வரும் காரணத்தையும் நேரத்தையும் அதில் குறிக்க வேண்டும். அவரை அழைத்து உட்காரவைத்து, ‘அண்ணே, வருகிறதில் எங்களுக்கு ஒன்றும் இல்லை, முந்தின நாளே தகவல் போட்டுவிட்டு வாருங்கள்’ என்று முதலில் பணிவாகவே சொல்லிப் பாருங்கள். பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அதன் பிறகும் தொடர்ந்தால், வீட்டுக்காரருக்கே எழுதுங்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அவர் செய்தது அடிப்படையிலேயே பிழை. பார்வையிட வருபவர் மதிப்பிட வேண்டியது வீட்டை. வீட்டில் வாழ்பவர்களின் அன்றாடத்தை மதிப்பிட அவருக்கு உரிமை இல்லை. கழுவாத பாத்திரம் மாலைக்குள் கழுவப்பட்டுவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் குழாய் ஒழுகி, மேடைப் பலகை ஊதியிருந்தால் அதுதான் அறிக்கைக்கு உரிய செய்தி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வழங்கும் வீட்டு நிலை அறிக்கைப் படிவத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் சுத்தமாக இருக்கிறதா, சேதமில்லாமல் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நானும் இந்த மூன்றையும் பிரித்தே எழுதுகிறேன். அழுக்கு, துடைத்தால் போகும். அதைச் சேதத்தோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதினால், ஒரு வாளித் தண்ணீரில் தீரும் காரியத்துக்கு அட்வான்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் போய்விடும். இடையில் வரும் பார்வைகளில் சுத்தம் என்ற கட்டத்தையே நான் நிரப்புவதில்லை; குடியேறும் நாளிலும் வெளியேறும் நாளிலும் மட்டுமே அதற்கு வேலை. உங்கள் துணிமணி, நகைப்பெட்டி, பூஜையறை தெரியும்படி படம் எடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வதும் முற்றிலும் நியாயமே.

கேள்வி: ஒரு வீட்டைப் பார்வையிட எவ்வளவு நேரம் வேண்டும்? எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?
– புதிதாக வீடு தேடும் தம்பதி, நாகர்கோவில்

பதில்: இரண்டு படுக்கையறை வீட்டுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அதில் பாதி தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும். மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து, மாடிக் குளியலறையில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் கொட்டி, அது சல்லடையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று கவனியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவுமின் தடுப்பான் மின்பலகையில் இருக்கும்; அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும், விழாவிட்டால் ‘அ’. மீட்டர் எண்ணை அன்றைய தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் விரிசல் தெரிந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஏ.டி.எம். அட்டையின் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். அதன் விளிம்பு விரிசலுக்குள் நுழைந்தால் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். தலைமுடி போல வலைப்பின்னலாக ஓடும் மேற்பூச்சு விரிசலுக்காக அஞ்ச வேண்டியதில்லை. கட்டிலுக்குப் பின்னால், பூட்டிய அறைக்குள், பொய்க்கூரைக்கு மேல் என்று காண முடியாத இடங்களுக்கு எண் எதுவும் போடாமல் ‘பார்க்க இயலவில்லை’ என்றே எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், பின்னாளில் அதைக் குறையில்லை என்று படித்துவிடுவார்கள்.

மாதத்தைப் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெருமழை. நமக்கோ, மேற்குத் தாலுகாக்களில் முதியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கி நனைக்கும், அக்டோபரிலிருந்து வடகிழக்கும் வந்து நனைக்கும். மார்ச் மாதத்தில், புதுப் பெயின்ட் வாசனையோடு காட்டப்படும் வீடு எல்லாச் சுவருக்கும் 4 வாங்கிவிடும். அதனால் சுவர், கூரை, மாடித் தளம் ஆகிய மூன்றுக்கு மட்டும், முதல் மழைக்காலம் முடிந்த பிறகு இரு தரப்பும் சேர்ந்து மறுபடி பார்த்து மதிப்பெண் எழுதுவோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கும்படி நான் வற்புறுத்துகிறேன். உரிமையாளருக்கும் இது நல்லதே. மழைக்கு ஒழுகியதைக் குடியிருந்தவர் மேல் சுமத்தி மனக்கசப்பு வளர்ப்பதைவிட, ஒழுக்கைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடலாம்.

இன்னொன்று. கணவரும் மனைவியும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, எண் வேறுபடும் இடத்துக்கு மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள். நான் உதவியாளரோடு செல்லும்போது இப்படித்தான் செய்கிறேன். இருவரும் ஒத்துப்போன இடங்களைவிட, மாறுபட்ட இடங்களில்தான் இருவருக்கும் தப்பிய ஏதோ ஒன்று கிடைக்கிறது.

கேள்வி: மதிப்பெண் தாளில் கையெழுத்திட வீட்டுக்காரர் மறுக்கிறார். ‘நம்பிக்கை இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: நம்பிக்கை இல்லாததால் எழுதுவதாக அவர் எண்ணுகிறார், அதனால் அந்தத் தாளை அவர் பக்கத்திலிருந்தும் காட்டிப் பாருங்கள். இன்று ஜன்னல் கண்ணாடி முழுதாக இருந்தது என்பதற்கு நாளை அவரிடம் இருக்கப்போகும் ஒரே சான்றும் அந்தத் தாள்தான். அவர் பார்வைக்குக் குறைவாகத் தோன்றும் எண்ணுக்குப் பக்கத்தில், தன் எண்ணையும் எழுதட்டும். இருவருடைய எண்களும் அடுத்தடுத்து இருக்கும் தாள், ஒருவர் எண் மட்டும் உள்ள தாளைவிட மதிப்பு மிக்கது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

அப்படியும் மறுத்தால், குடியேறிய முதல் வாரத்துக்குள் தாளின் நகலையும் படங்களையும் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்கும்படி ஒரு வரி எழுதுங்கள். படங்களை வெட்டாமல், திருத்தாமல், எடுத்த கைப்பேசியிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படங்கள் வேண்டும்: அறையின் எந்த இடம் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து நெருக்கமாக ஒன்று. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாள்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தத் தாளை அந்த ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க முடிந்தால் மிகவும் நல்லது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரியாக இருப்பார். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உண்டு. கன்னியாகுமரி அடங்கிய அகஸ்தீஸ்வரம் தாலுகா நாகர்கோவில் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், விசாரிக்கத் தொடங்க வேண்டிய இடம் உங்களுக்கு அங்கேதான்.